கேட்ட கேள்விக்கு மட்டும்

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளருக்கு முதல் வாரமே சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு. சாட்சி சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சாட்சி ‘நான்’ என்றால் மொழிபெயர்ப்பாளரும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘இவர் என்ன சொல்கிறார் என்றால்’ என்று இழுக்கக் கூடாது. இந்த விதியை நன்றாகக் கடைப்பிடிப்பவள் என்று என்னைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. பெருமை என்று முதலில் எழுதினேன். பெருமை என்று ஒப்புக்கொள்ளக்கூட எனக்குத் துணிவு இருந்ததில்லை. எண்ணம் என்பதே சரி.

ஜொகூரில், நெடுஞ்சாலையை ஒட்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. நீதிமன்றக் கட்டடத்தில் இரண்டு அறைகள், இரண்டு மாஜிஸ்திரேட்டுகள். தமிழுக்கு நான் ஒருத்திதான். வேலை முடிந்ததும், வகுப்பு உள்ள நாட்களில், பஸ் பிடித்து ஜொகூர் பாருவுக்குப் போய்ச் சட்டம் படிக்கிறேன்.

லெட்சுமணனை முதன்முதலில் சாட்சிக் கூண்டில்தான் பார்த்தேன். சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து மனைவி ராசம்மாவோடு வந்திருந்தார். செனாய் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் வேனை ஓட்டியவர். ஒரு நாள் காலை டயர் பஞ்சராகி வேன் தாமதமாக வந்திருக்கிறது. வேன்களின் முதலாளி சபாபதி, ஏறுவதற்காக நின்றுகொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் அவரை இடது காதோடு சேர்த்து அறைந்துவிட்டார் என்பது வழக்கு. அந்தக் காது அதற்குப் பிறகு கேட்கவில்லை. அங்கே நின்றவர்களில் ஒருவரும் சாட்சி சொல்ல வரவில்லை. மறுநாளும் அதே வேனில்தானே அவர்கள் ஏற வேண்டும்? ஆகவே அந்த வழக்கில் இருந்தது லெட்சுமணனின் வாய் மட்டும்தான். அவர் பேசினால் வழக்கு உண்டு. அவர் வராவிட்டால் இல்லை.

நான் வழக்கம்போல் கூண்டின் இடது பக்கம் நின்று முதல் கேள்வியைத் தமிழில் சொன்னேன். அவர் கையை ஆட்டினார்.

“பிள்ள, இந்தப் பக்கம் நில்லு. அந்தப் பக்கம் வேல செய்யல.”

அதையும் மலாயில் மொழிபெயர்த்துவிட்டுத்தான் வலது பக்கம் போனேன். மேடையில் இருந்த மாஜிஸ்திரேட் ரூபினி லேசாகத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குப் பெரிய பரிசுபோல இருந்தது. பினாங்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். எங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு வந்த முதல் தமிழ் மாஜிஸ்திரேட். அவரை எல்லோரும் கூப்பிடுவதுபோல் நானும் ‘புவான்’ என்றுதான் கூப்பிடுவேன். மலாயில் அம்மா, மேடம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான்.

“அடிச்சது கூட பெருசில்ல,” என்று லெட்சுமணன் அன்று சொன்னார். “அடி வாங்கிட்டு நான் நிக்கிறேன், எல்லாரும் என்னையத் தாண்டிப் போயி வேன்ல ஏறி உக்காந்தாங்க. அப்புறம் நான்தான் அந்த வேன ஓட்டிட்டுப் போனேன்.”

‘நான் நின்றேன்’ என்று அவருடைய வாயாக நான் மலாயில் சொன்னபோது என் குரல் கொஞ்சம் இறங்கியது. இறங்கியிருக்கக் கூடாது. அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேறு தேதி கொடுத்தார்கள்.

இடையில் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழா வந்தது.

அப்பா ஹேமநாதன் கோயில் கமிட்டியின் செயலாளர். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

“உங்க கோர்ட்டு மாஜிஸ்திரேட்டு நம்ம பொண்ணுதானே? எஸ்.பி.எம். பரீட்சையில நல்லா எடுத்த பிள்ளைங்களுக்குப் பரிசு குடுக்க அவங்கள கூப்டலாம்னு பேசிக்கிட்டோம். நீ கேட்டா வருவாங்க லா.”

“என்னைக்குப்பா?”

“ஆறாம் திருவிழா அன்னைக்கு.”

எங்கள் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒரு குடும்பத்தின் உபயம். அன்றைய செலவு அவர்களுடையது, முதல் மரியாதை அவர்களுக்கு. வந்திருக்கும் பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்துவதும் அந்தக் குடும்பத்தின் உரிமை. தலைவராக இருந்தாலும் குறுக்கே வர முடியாது. ஆறாம் நாள் சபாபதி வீட்டு உபயம். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

“சபாபதி அங்கிள் கேஸு அவங்க கோர்ட்லதான்பா நடக்குது.”

“அவருதான் கமிட்டியில இல்லையே. கேஸு போட்டதுமே வெலகிட்டாரு. கோயில் பேரு கெடக் கூடாதுன்னு அவரே சொன்னாரு.” அப்பா என் தட்டில் இன்னும் கொஞ்சம் கீரை வைத்தார். “ஒரு மால, ஒரு பொன்னாட. இதுல என்னம்மா இருக்கு? நம்ம பிள்ளைங்க மேடையில ஒரு மாஜிஸ்திரேட்ட பாக்கட்டுமே.”

அப்பா சூழ்ச்சி செய்யவில்லை. அதை இங்கே தெளிவாக எழுத வேண்டும். அவருக்கு அது உண்மையிலேயே ஒரு மாலை, ஒரு பொன்னாடை.

மறுநாள் புவான் ரூபினியின் அறைக்குப் போய்க் கேட்டேன். அவர் பேனாவை மூடிவைத்தார். கோயில், தமிழ்ப் பிள்ளைகள், பரிசு என்றதும் முகத்தில் ஆசை தெரிந்தது. ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை.

“கமிட்டியில இருக்கறவங்க யாருக்காவது நம்ம கோர்ட்ல கேஸ் இருக்கா, தேன்மொழி?”

“இல்ல புவான்.”

“நிச்சயமா?”

“கமிட்டியில யாருக்கும் இல்ல புவான்.”

இரண்டு பதிலும் பொய் இல்லை. கேட்ட கேள்விக்கு நேரான பதில். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த அறையைவிட்டு வெளியே வரும்போது இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையில் பழகிய விதியை எடுத்து ஒரு கதவைச் சாத்திக்கொண்டேன். உபயத்தைப் பற்றிச் சொன்னால் அவர் வரமாட்டார் என்று தெரியும். அவரோடு ஒரே காரில் கோயில் வாசலில் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இவ்வளவுதான் காரணம். எழுதிப் பார்க்கும்போது இன்னும் சிறிதாகத் தெரிகிறது.

திருவிழா அன்று புவான் அரக்கு நிறப் புடவையில் வந்தார். அப்பா வாசலிலேயே கைகூப்பி வரவேற்றார். புவான் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டார். எல்லாம் நல்லபடியாகவே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் மைக்கில் இருந்தவர் குரலை உயர்த்தினார்.

“நமது மாஜிஸ்திரேட் அவர்களுக்கு, இன்றைய உபயதாரர், சமுதாயச் சேவையாளர், திரு. சபாபதி அவர்கள் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்வார்!”

என் கையில் தட்டு இருந்தது. யாரோ சற்று முன்பு கொடுத்துவிட்டுப் போனார்கள். மேலே மடித்த பொன்னாடை, பக்கத்தில் எலுமிச்சம்பழம். சபாபதி மேடை ஏறி வந்து, என் தட்டிலிருந்து அதை எடுத்து, “நல்லா இருக்கியாம்மா?” என்று என்னைக் கேட்டார். நான் சிரித்தேன். அதற்குள் பொன்னாடை புவான் தோளில் விழுந்துவிட்டது. போன்கள் எல்லாம் மேலே எழும்பின.

புவான் கைகூப்பவில்லை. அவர் முகம் அப்படியே நின்றுபோயிற்று. பொன்னாடையை எடுத்து என் தட்டில் திரும்ப வைத்தார். என்னைப் பார்த்து மெதுவாக, “போலாம்,” என்றார். சாமி புறப்பாட்டுக்கு முன்னாலேயே கிளம்பிப் போவது ஏன் என்று கேட்டுக்கொண்டே அப்பா எங்கள் பின்னால் வேகமாக நடந்து வந்தார். நாங்கள் காரில் ஏறிவிட்டோம்.

காரில் அவர்தான் ஓட்டினார். கோயில் விளக்குகள் மறைந்த பிறகு கேட்டார்.

“உபயம் அவங்களுதுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் புவான்.”

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

“நான் கேள்விய சரியா கேக்கல,” என்றார். “கமிட்டின்னு கேட்டேன். வேற என்னன்னு கேக்கல. எனக்குத் தெரியாத ஊரு. வரவே கூடாதுன்னு சொல்லியிருக்கணும்.”

வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டார். நான் ‘சாரி புவான்’ என்றேன். அது அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

விடிவதற்குள் படம் ஊர் முழுக்கப் போய்விட்டது. அவர் பொன்னாடையைத் திருப்பி வைத்த படம் எதிலும் இல்லை. தோளில் விழுந்த கணம் மட்டும்தான் இருந்தது. அடியில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘கேஸ் முடிஞ்சிருச்சு, போய்ட்டு வாங்க லெட்சுமணன்.’ சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக இருந்தன.

புவான் ரூபினி வேலை தொடங்கியதுமே மேலிடத்துக்குத் தெரிவித்தார். லெட்சுமணனையும் சபாபதியையும் வரச் சொல்லி, திறந்த நீதிமன்றத்தில், எல்லோர் முன்னாலும் பேசினார். குற்றம் சாட்டப்பட்டவர் எனக்கு ஒரு நிகழ்ச்சியில் பொன்னாடை போர்த்தினார். அது அவருடைய குடும்பத்தின் நாள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டியது என் கடமை. ஆகவே இந்த வழக்கை இனி நான் கேட்க முடியாது. இது அடுத்த அறைக்குப் போகிறது, விசாரணை முதலிலிருந்து தொடங்கும் என்றார். மலாயில் ஒவ்வொரு வாக்கியமாக அவர் சொல்லச் சொல்ல, நான் லெட்சுமணனின் வலது காதருகே நின்று தமிழில் சொன்னேன். ‘எனக்குத் தெரியாது’ என்று சொன்னேன். ‘என் கடமை’ என்று சொன்னேன். புவானின் வாயாகச் சொன்னேன்.

புவான் என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவர் சொல்லாததை நான் எப்படிக் கூட்ட முடியும்? மறுபடியும் அதே விதி, அதே கதவு.

லெட்சுமணன் கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: “அப்ப நான் முதல்ல இருந்து எல்லாத்தையும் இன்னொரு வாட்டி சொல்லணுமா?”

மொழிபெயர்த்தேன். ஆமாம் என்றார் புவான்.

அந்த வாரம் மாலை வகுப்பில் பாடம் நீதிபதிகளின் நடத்தை விதிகள். ஒரு நீதிபதி யார் வீட்டு விருந்துக்குப் போகலாம், யாரிடம் பரிசு வாங்கலாம், பக்கச்சார்பு இல்லாமல் இருந்தாலும் பார்க்கிறவனுக்கு அப்படித் தோன்றாவிட்டால் என்ன ஆகும். நான் எல்லாவற்றையும் சிவப்பு, நீலம் என்று கோடு போட்டுக் குறிப்பெடுத்தேன். பக்கத்தில் உட்காரும் ஷர்மைன் என் குறிப்பைப் பார்க்கவே இல்லை. பகலில் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு, பாலத்தில் நெரிசல் தாண்டி வருபவள். எப்போதும் பாதிப் பாடம் முடிந்த பிறகுதான் வருவாள். அன்று போனை என் முன்னால் நீட்டினாள்.

“இந்த வளையல் எனக்குத் தெரியும். நான் வாங்கிக் குடுத்தது. கை மட்டும் தெரியுது, ஆள் தெரியல. நீதானே?”

“ம்.”

“அலமாக், தேனு. உங்க மேடம் மாட்டிக்கிட்டாங்களா?”

“அவங்களே சொல்லிட்டாங்க. கேஸ அடுத்த கோர்ட்டுக்கு மாத்தியாச்சு.”

“அடுத்த கோர்ட்ல யாரு மொழிபெயர்க்கப் போறது?”

“நான்தான். தமிழுக்கு வேற ஆளு இல்ல.”

அவள் போனை இறக்கினாள். “அந்தாளுக்கு அது நீன்னு தெரியுமா?”

“இந்த விதியெல்லாம் நீதிபதிக்குத்தான், ஷர்மைன். நான் ஒண்ணும் முடிவு சொல்றவ இல்லையே. அவரு பேசுறத அப்படியே சொல்றவ.”

“அப்ப நீ யாரு? மைக்கா?”

பின்னால் இருந்த ஒருவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது கூலாய் தாண்டும்வரை அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. தட்டைப் பிடித்தவள் நான்தான் என்று கோர்ட் பதிவாளரிடம் நாளைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் அவர் அவசர வேலையில் இருந்தார். அதற்கடுத்த நாள் நான் அவசர வேலையில் இருந்தேன். அப்படியே விசாரணைத் தேதி வந்துவிட்டது.

இரண்டாவது அறையின் மாஜிஸ்திரேட் மலாய்க்காரர், ‘துவான்’, அதாவது ஐயா, என்று கூப்பிடுவோம். பொறுமையானவர். அரசுத் தரப்பில் ஒரு மலாய் அதிகாரி, சபாபதிக்கு ஒரு சீன வழக்கறிஞர். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நான்கே பேர்: நான், கூண்டில் லெட்சுமணன், எதிரே சபாபதி, பின்வரிசையில் ராசம்மா.

லெட்சுமணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். வேன் வேலை போனபிறகு ஒரு பள்ளியில் காவலாளியாக இருக்கிறார். கோர்ட்டுக்கு வரும் நாளெல்லாம் விடுப்பு. கூண்டில் ஏறினார். அவர் சொல்லாமலே நான் வலது பக்கம் போய் நின்றேன். அது எனக்குத் தெரிந்திருக்கிறது என்று காட்டிக்கொள்ள ஆசைப்பட்டேனோ என்னவோ.

அவர் என் கையைப் பார்த்தார். அன்றும் அதே வளையல். கழற்றிவைக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. பிறகு மாஜிஸ்திரேட்டைப் பார்த்து, தமிழிலேயே சொன்னார்:

“இந்தப் பிள்ள எனக்கு வேணாங்க. அன்னைக்குக் கோயில்ல தட்டப் பிடிச்சிக்கிட்டு நின்ன பிள்ளதான் இது. இது பேசுறத நான் நம்ப மாட்டேன்.”

துவான் என்னைப் பார்த்தார். “சாட்சி என்ன சொல்கிறார்?”

அந்த வாக்கியத்தை மொழிபெயர்க்க எனக்குக் கிடைத்த நேரம் ஒரு மூச்சு இழுக்கும் நேரம்தான். ஆனால் அதற்குள் நான் எத்தனை வேலை பார்த்தேன் என்பது எனக்கே வியப்பாக இருக்கிறது. யாருக்கு மலாய் தெரியும், யாருக்குத் தமிழ் தெரியும் என்று எண்ணிவிட்டேன். சபாபதி வாய் திறக்கமாட்டார், அவருக்கு லாபம்தான் என்று கணக்குப் போட்டுவிட்டேன்.

“சாட்சி வேறு மொழிபெயர்ப்பாளர் கேட்கிறார், துவான்,” என்று மலாயில் சொன்னேன். “நான் பேசுவது அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை.”

துவான் இரக்கத்தோடு தலையசைத்தார். “காதில் பிரச்சினை என்று கோப்பில் இருக்கிறது. கொஞ்சம் நெருங்கி நின்று சத்தமாகப் பேசுங்கள்.”

நான் ஓரடி நெருங்கினேன். உண்மையிலேயே நெருங்கினேன்.

“நான் அப்படியா சொன்னேன்?” லெட்சுமணன் என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை. “பிள்ள, எனக்குப் போனது ஒரு காதுதான். மலாய் போகல.”

எதிரே சபாபதி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது.

எப்படி மறந்தேன்? இத்தனை வருடம் மலாய்க்காரர்களையும் வங்காளதேசிகளையும் ஏற்றி இறக்கியவர். அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். தனக்கு நடந்ததைத் தன் மொழியில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் தமிழ் கேட்டார். அது அவருடைய உரிமை. நான் மலாயில் அவரைப்போலப் பேசியதை எல்லாம் அவர் முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். முதல் நாள் நான் நன்றாகத்தான் செய்தேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும். இப்போது செய்ததும் தெரிந்துவிட்டது.

முதுகில் ஏர்கோன் காற்று பட்டது. ராசம்மா எழுந்து நின்றிருந்தார்.

“துவான், சற்று முன் நான் சொன்ன மொழிபெயர்ப்பு தவறு,” என்றேன். “திருத்த அனுமதி வேண்டும்.”

துவான் பேனாவை எடுத்தார்.

நான் சாட்சியின் வாயாகச் சொன்னேன். இந்த மொழிபெயர்ப்பாளர் எனக்கு வேண்டாம். அன்று கோயிலில் தட்டை ஏந்திக்கொண்டு நின்ற பெண் இவர்தான். கடைசி வாக்கியத்துக்கு வந்தேன். “சாயா தக் பெர்ச்சாயா,” என்றேன். நான் நம்பவில்லை, இவர் பேசுவதை. ‘நான்’ அவர். ‘இவர்’ நான். விதிப்படி அப்படித்தான் சொல்ல வேண்டும்.

“இப்பதான் நான் சொன்னத சொல்லுது,” என்றார் லெட்சுமணன். அதையும் மொழிபெயர்த்தேன்.

துவான் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். “என்ன தட்டு?”

அது சாட்சிக்கு வந்த கேள்வி. அவரிடம் திருப்பிச் சொல்லி, அவர் பதிலைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான், இதற்கு நானே பதில் சொல்ல வேண்டும் என்று அனுமதி கேட்டேன். பொன்னாடையைச் சொன்னேன். உபயத்தை விளக்கினேன். புவான் ரூபினி என்னிடம் என்ன கேட்டார், நான் என்ன பதில் சொன்னேன், எதைச் சொல்லாமல் விட்டேன் என்பதையும் சொன்னேன். இன்று இந்த அறைக்கு நான் வந்திருக்கவே கூடாது என்றும் சொன்னேன். துவான் அதையெல்லாம் கேட்கவில்லை. தட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டார்.

அப்போது சபாபதி சிரிக்கவில்லை.

சீன வழக்கறிஞர் எழுந்தார். இது இரண்டாம் முறை தள்ளிப்போகிறது, தன் கட்சிக்காரரை விடுவிக்க வேண்டும் என்றார். துவான் வழக்குக் கோப்பைப் புரட்டினார். பிறகு, வேறு ஊரிலிருந்து மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கும்படி உத்தரவிட்டார். இதுதான் கடைசித் தவணை, அன்றைக்குச் சாட்சி வரவில்லை என்றால் விடுவித்துவிடுவேன் என்றார். இதை லெட்சுமணனுக்குத் தமிழில் இனி நான் சொல்லக் கூடாது, சொல்ல வேறு ஆளும் இல்லை. துவானே அவரிடம் மெதுவான மலாயில் கேட்டார்: “வருவீர்களா?”

லெட்சுமணன் கூண்டிலிருந்து இறங்கிக்கொண்டே, “தெங்கோக் லா, துவான்,” என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம்.

வராந்தாவில் ராசம்மா என்னை நிறுத்தினார். குட்டையான பெண்மணி, என்னைப் பார்க்க அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

“மொத நாளு வீட்டுக்கு வந்து, அந்தக் கோர்ட்டுப் பிள்ள நல்லா பேசுது, நம்ம வயித்தெரிச்சல அப்படியே சொல்லுதுன்னு உன்னையப் பத்திதான் சொன்னாரு,” என்றார். “அப்புறம் அந்தப் படம் வந்துச்சு, வளையல பாத்ததும் உன் கைன்னு தெரிஞ்சிருச்சு. போன கீழ வச்சிட்டு சாப்புடாம படுத்துட்டாரு. அந்த மாஜிஸ்திரேட்டம்மாவுக்காக இல்ல. அவங்கள எங்களுக்குத் தெரியாது. உனக்காக.”

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

“வேணாம்மா. நீ ஒண்ணும் சொல்லாத,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

விஷயம் அன்று சாயங்காலத்துக்குள் அப்பாவுக்குப் போய்விட்டது. படுக்கப் போகும்போது அவர், “கோயில் பேரையும் கோர்ட்ல சொல்லிட்டியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். டிவியை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

விசாரணை முடியும்வரை என்னைக் கூண்டுப் பக்கம் விடவில்லை. முன்கூடத்தில் அபராதம் கட்ட வருகிறவர்களுக்கு எண் சீட்டுக் கொடுக்கும் முகப்பில் உட்கார வைத்தார்கள். ஒரு நாள் புவான் ரூபினி அந்த வழியாகப் போனவர் நின்றார்.

“அன்னைக்கு ஓப்பன் கோர்ட்ல உன் பேர நான் சொல்லாம விட்டேன். சின்னப் பொண்ணு, நம்ம பொண்ணுன்னு நெனச்சேன்.” அவர் என் கண்ணைப் பார்த்துத்தான் பேசினார். “அது நல்ல மனசுன்னு நெனச்சிட்டேன். அந்த மனுசனுக்கு அது தெரிஞ்சிருக்கணும். அதையும் மேல சொல்லிட்டேன்.”

நான் எழுந்து நின்றேன். அதற்குள் அவர் போய்விட்டார்.

கடைசித் தவணை நாளில் குளுவாங்கிலிருந்து மொழிபெயர்ப்பாளர் கில்பர்ட் வந்தார். நடுத்தர வயது, சட்டைப் பையில் ஒரு ஜெபமாலை, வாயில் எப்போதும் ஒரு கேலி. “இந்தக் கோர்ட்ல பொன்னாடை உண்டா? நான் சால்வை கொண்டு வரல,” என்றார். நான் சிரிக்காததைப் பார்த்து, “சும்மா சொன்னேன் மா,” என்றார்.

“அண்ணே, அந்தச் சாட்சிக்கு...”

கில்பர்ட் கையை உயர்த்தினார். கேலி முகத்திலிருந்து போய்விட்டது. “சாட்சியப் பத்தி நீ எனக்கு ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. நல்லதா இருந்தாலும் கூடாது. உனக்குத் தெரியாதா?”

தெரியும். வலது பக்கம் நில்லுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அதையும் விழுங்கிக்கொண்டேன்.

லெட்சுமணன் வரவில்லை. வழக்குகள் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். சபாபதி குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முறை வாசல் கதவு திறக்கும்போதும் நான் நிமிர்ந்து பார்த்தேன். அபராதம் கட்ட வந்தவர்கள், ஜாமீனுக்கு வந்தவர்கள். ஒரு மோட்டார் சைக்கிள்காரருக்கு இரண்டு எண் சீட்டு கொடுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கும்போது, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ராசம்மா உள்ளே வந்தார். பின்னால் காவலாளிச் சீருடையில் லெட்சுமணன். விடுப்பு கிடைக்கவில்லைபோல, வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். என் முகப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். ராசம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். லெட்சுமணன் திருப்பிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தார், நேற்று பார்த்த ஒரு சுவரைப் பார்ப்பதுபோல.

இரண்டாவது அறைக் கதவில் ஒரு சிறு கண்ணாடிச் சதுரம் உண்டு. போகக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு போனேன்.

அவர் கூண்டில் ஏறியிருந்தார். கில்பர்ட் வழக்கப்படி இடது பக்கம் போய் நின்றார். ஏதோ கேட்டார். லெட்சுமணன் பதில் சொல்லவில்லை. கில்பர்ட் மறுபடியும் கேட்டார். சபாபதியின் வழக்கறிஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கதவுக்கு இந்தப் பக்கம் என் வாய் தானாக அசைந்தது. சத்தம் வரவில்லை.

உள்ளே லெட்சுமணன் மெல்லத் திரும்பி, கையை ஆட்டினார். உதட்டசைவு எனக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் நில்லுங்க. கில்பர்ட் துவானைப் பார்த்து அதை மலாயில் சொல்லிவிட்டு, கூண்டைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்றார். துவான் பேனாவை எடுத்தார். லெட்சுமணன் பேச ஆரம்பித்தார், முதலிலிருந்து.

என்ன பேசுகிறார் என்று எனக்குக் கேட்கவில்லை. முகப்பில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட்டார்கள். திரும்பிப் போய் எண் சீட்டைக் கிழித்துக் கொடுக்கத் தொடங்கினேன்.